காற்று சாய்த்த தோப்பும் கை நட்ட கன்றும்



 

சோதனை சூழ்ந்த காலங்களில் மனிதன் ஆறுதலைத் தேடி அலைகிறான். செய்தித்தாளைப் பிரித்தால் கலக்கம். தொலைக்காட்சியைத் திறந்தால் அச்சம். கைப்பேசியை எடுத்தால் இரண்டும் ஒன்றாக வந்து சேர்கின்றன. பிழைப்பைப் பற்றிய கவலை, பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிய கவலை, வெளிநாட்டில் உழைக்கும் மகனைப் பற்றிய கவலை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாரம் இருக்கிறது. இந்தப் பாரத்தை இறக்கி வைக்க இடம் எங்கே என்று கேட்பவர்களை, தஞ்சைத் தரணியின் தென்கோடியில் இருக்கும் ஓர் ஊரின் பக்கம் சற்றே திரும்பிப் பார்க்க அழைக்கிறோம். அந்த ஊர் பேராவூரணி. நாம் பார்க்கப்போகும் பருவம் ஐப்பசியும் கார்த்திகையும்.

கூதிர் என்னும் பருவம்

தமிழர்கள் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தார்கள். அவற்றுள் ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு மாதங்களுக்கும் கூதிர் காலம் என்று பெயர். குளிர்ந்த காற்றும் விடாத மழையும் சேர்ந்த காலம் அது. மேலை நாடுகளில் இதே மாதங்களில் மரங்கள் இலையை உதிர்த்து உறக்கத்திற்கு ஆயத்தமாகின்றன. நம் டெல்டாவிலோ நிலம் விழித்துக்கொள்ளும் காலம் இது. தமிழகம் ஓர் ஆண்டில் பெறும் மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது வெறும் அடுக்குமொழி அன்று. அது ஒரு வாழ்க்கைக் கணக்கு.

பேராவூரணிக்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்கமானது. ஏனெனில் அது கடைமடை. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைத் திட்டத்தின் ஒரு பகுதியாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய், தஞ்சை, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளைக் கடந்து, ஏறத்தாழ 148 கிலோமீட்டர் ஓடிப் புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலை ஏரியில் முடிகிறது. நம் மக்கள் இதைப் 'புது ஆறு' என்பார்கள். தலைமடையில் இருப்பவர் நீரைப் பார்த்துவிட்டு விதைப்பார். கடைமடையில் இருப்பவர் வானத்தைப் பார்த்துவிட்டு விதைப்பார். ஆற்று நீர் வரத் தாமதமானால் புழுதியிலேயே விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதும் இங்கே வழக்கம். விதைத்தவன் பெயர் உழவன். ஆனால் அதை முளைக்கச் செய்பவன் யார்? திருக்குர்ஆனின் 'அல்வாகிஆ' அத்தியாயம் மனிதனை நோக்கி இக்கேள்வியைத்தான் எழுப்புகிறது. கடைமடை விவசாயி அந்தக் கேள்வியை ஏட்டில் படிப்பதற்கு முன்பே வரப்பில் நின்று படித்துவிடுகிறார்.

அந்த வெள்ளிக்கிழமை

2018-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை நிரம்பி வழிந்தது. ஜூலை 19 அன்று பாசனத்திற்குத் திறக்கப்பட்டது. ஆனால் காவிரியில் வெள்ளம் பாய்ந்த அந்த ஆண்டிலும் கடைமடைக்குப் போதிய நீர் வந்து சேரவில்லை என்ற முறையீடே எங்கும் கேட்டது. ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த பழைய கதவணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. இவ்வளவு ஏமாற்றங்களையும் தாண்டி, ஐப்பசி மழையை நம்பிச் சம்பாப் பயிர் நின்றது. அதைச் சுற்றிலும் தென்னந்தோப்புகள் நின்றன.

நவம்பர் 16. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் தறுவாய். நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே 'கஜா' புயல் கரை ஏறியது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் வீசிய காற்று, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைக் கிழித்துக்கொண்டு மேற்கே போனது. பலர் உயிரிழந்தனர். ஆடு மாடுகள் கணக்கின்றி மடிந்தன. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் கரையோரத்தில் படகுகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின. மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து உழைத்தும், பல கிராமங்களுக்கு வெளிச்சம் திரும்பப் பல வாரங்கள் ஆயின.

பொழுது விடிந்தபோது அது வெள்ளிக்கிழமை. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வட்டாரங்களில் மக்கள் கண்ட காட்சி என்ன? நேற்றுவரை வானத்தை மறைத்து நின்ற தோப்புகள் தரையில் கிடந்தன. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. நாரைப் போன்ற ஆயிரக்கணக்கான வேர்கள் மேல்மண்ணில் பரவித்தான் அதைத் தாங்குகின்றன. மழையில் ஊறிய மண்ணில், பாய்மரம் போல் விரிந்த கொண்டையைக் காற்று பிடித்து இழுத்தால் எவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடிக்கும்? சில மரங்கள் வேரோடு பெயர்ந்தன. சில, நடுவில் முறிந்தன. சில மரங்களின் குருத்தையே காற்று திருகிவிட்டது.

நெல் அழிந்தால் ஒரு போகம் அழியும். தென்னை அழிந்தால் ஒரு தலைமுறை அழியும். பாட்டனார் நட்டது, வாப்பா நீர் ஊற்றியது, மகன் காய் பறித்தது என்று மூன்று பேரின் ஆயுள் ஒரு மரத்தில் இருக்கிறது. மகளின் திருமணமும், மகனின் கல்லூரிக் கட்டணமும், முதியவரின் மருந்துச் செலவும் ஏறத்தாழ ஒன்றரை மாதத்திற்கு ஒருமுறை நடக்கும் காய்வெட்டை நம்பியே இருந்தன. அந்த நம்பிக்கை ஒரே இரவில் தரையில் கிடந்தது.

அழுவது ஈமானுக்குக் குறையா?

இத்தகைய நேரத்தில் ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். போனவுடனேயே, "எல்லாம் விதி, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொல் உண்மையாக இருக்கலாம். ஆனால் அழுதுகொண்டிருப்பவனின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்துவது முறையா?

நபி யஃகூப் (அலை) அவர்கள் தம் மகன் யூசுஃபைப் பிரிந்த துயரத்தில் அழுது அழுது கண்பார்வை மங்கும் அளவுக்கு ஆளானார்கள் என்பதைக் குர்ஆன் கூறுகிறது. நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் பச்சிளம் மகன் இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் வடித்தார்கள். கண் அழுவதும் உள்ளம் வருந்துவதும் இரக்கத்தின் அடையாளம் என்பதையே அவர்களுடைய கண்ணீர் நமக்குக் கற்றுத் தருகிறது. பொறுமை என்பது துயரத்தை மறுப்பதன்று. துயரத்தோடு இருந்துகொண்டே இறைவன் மீதான நம்பிக்கையை இழக்காமல் இருப்பதே பொறுமை. ஆகவே, சாய்ந்த மரத்தின் மீது உட்கார்ந்து அழுத அந்தப் பெரியவரின் கண்ணீரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆனால் அழுகை முடிந்த பின் என்ன? அடுத்த நாள் காலை என்ன? ஆறுதலைப் பற்றிய உண்மையான கேள்வி இதுதான். இதற்குக் கிராமத்து வாழ்க்கை மூன்று விடைகளை வைத்திருக்கிறது.

முதல் விடை: பொழுதின் ஒழுங்கு

புயல் அடித்த மறுநாளும் மாட்டுக்குத் தீனி வைக்கத்தான் வேண்டும். கறவை மாடு தன் மடி கனத்தால் கத்தும். உரிமையாளரின் துயரம் அதற்குத் தெரியாது. வயலில் நீர் தேங்கி நின்றால் இரண்டு மூன்று நாட்களுக்குள் வடித்தாக வேண்டும். இல்லையேல் இளம்பயிர் அழுகிவிடும். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வரப்பை வெட்டிவிடப் போகிறவர், போகிற வழியில் தன் துயரத்தைப் பற்றி நினைக்கிறார். வரப்பில் இறங்கியதும் நீரின் போக்கைப் பற்றி நினைக்கிறார். அந்தச் சிறிது நேரம் உள்ளத்திற்கு ஓய்வு.

கூதிர் காலத்துக் கிராமத்தில் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். சுப்ஹு பாங்கு சொல்லும்போது இன்னும் தூறல் நிற்கவில்லை. ஓட்டுச் சரிவிலிருந்து நீர் சொட்டும் ஓசை. தொழுதுவிட்டு வருகிறவரின் காலில் ஈரமண். அடுப்பில் இஞ்சி தட்டிப்போட்ட தேநீர். வயலில் வெண்கொக்குகள் களை எடுக்கும் பெண்களுக்கு முன்னும் பின்னும் நடந்து பூச்சி பொறுக்குகின்றன. வரப்பில் நண்டு வளை தோண்டியிருக்கிறது. அதை மிதித்து அடைக்காவிட்டால் இரவுக்குள் நீர் கசிந்து அடுத்த வயலுக்குப் போய்விடும். எலி வெட்டத் தொடங்கியிருந்தால் மூங்கில் கிட்டி வைக்க வேண்டும். மழை சற்று வெறித்தால் மேலுரம் இட வேண்டும். வெயில் முகம் காட்டினால் உடனே விறகைக் காயவைக்க வேண்டும். நீரில் ஊறிய மட்டையை எடுத்து நிழலில் உட்கார்ந்து கீற்று முடைய வேண்டும். மாலையில் ஈசல் பறக்கிறது. மஃரிபுக்குப் பின் மக்தபிலிருந்து திரும்பும் குழந்தைகளின் குரல் தவளைச் சத்தத்தோடு கலந்து கேட்கிறது.

இதில் எதுவும் பெரிய காரியம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில் நம்மை அழைக்கிறது. ஐவேளைத் தொழுகை ஒரு நாளை ஐந்து முடிச்சுகளால் கட்டி வைப்பதைப் போல, பயிரும் கால்நடையும் அடுப்பும் மனிதனின் நாளைக் கலைந்துபோகாமல் கட்டி வைக்கின்றன. துயரத்தின் கொடுமைகளில் ஒன்று, காலம் உருவமற்றுப் போய்விடுவது. காலையா மாலையா என்று தெரியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவனை அன்றாடக் கடமை கையைப் பிடித்து எழுப்புகிறது. கஷ்டத்துடனேயே இலகுவும் இருக்கிறது என்று இறைவன் வாக்களித்திருக்கிறான். கஷ்டம் தீர்ந்த பிறகு வரும் இலகு மட்டும் அன்று. கஷ்டத்தின் நடுவிலேயே கிடைக்கும் இந்தச் சிறு சிறு இளைப்பாறல்களும் அவ்வாக்கின் பகுதி அல்லவா?

2020-ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றின்போதும் இதைக் கண்டோம். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பள்ளிவாசல்களில் ஜும்ஆவும் நின்றுபோன அந்த நாட்களை நாம் மறக்க முடியாது. ஆனால் வயல் வேலைக்கு விலக்கு இருந்தது. நகரங்களில் வேலை இழந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் பலர் மண்வெட்டியை எடுத்தார்கள். அவ்வாண்டு ஜூன் 12 அன்று, பல ஆண்டுகளுக்குப் பிறகு மேட்டூர் அணை வழக்கமான நாளிலேயே திறக்கப்பட்டது. உலகமே அடைபட்டுக் கிடந்தபோது வாய்க்கால் மட்டும் ஓடியது.

இரண்டாம் விடை: மடையில் உள்ள உறவு

வயல் தனிமனிதனின் சொத்தாக இருக்கலாம். நீர் அப்படி அன்று. என் வயலுக்கு வரும் நீர் உங்கள் வயலைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. என் வடிகால் உங்கள் வரப்பைக் கடந்துதான் போகிறது. ஆகவே யாரிடமும் பேசாமல் ஒரு விவசாயி ஒரு போகத்தைக் கடக்க முடியாது. முறை வைத்துப் பாய்ச்சுவதிலும், மதகைத் திறப்பதிலும், வாய்க்கால் வெட்டுவதிலும் சண்டை வரும், சமாதானமும் வரும். நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மனிதர்கள் கூட்டாளிகள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை நாம் அறிவோம். அந்தக் கூட்டாண்மையின் கண்ணெதிர் வடிவமே மடை.

கஜாவுக்குப் பின் இக்கூட்டாண்மை எப்படி வெளிப்பட்டது? பள்ளிக்கூடங்களிலும் திருமண மண்டபங்களிலும் வழிபாட்டுத் தலங்களிலும் மக்கள் சாதி, சமய வேறுபாடின்றித் தங்கினார்கள். வெளியூர்களிலிருந்து அரிசியும் போர்வையும் மெழுகுவத்தியும் வந்தன. சாலையில் விழுந்த மரங்களை அரசு வரும்வரை காத்திராமல் ஊராரே அறுத்து அகற்றினார்கள்.

அதைவிடச் சிந்திக்க வேண்டியது அடுத்த ஆண்டு நடந்தது. பேராவூரணியில் 564 ஏக்கர் பரப்புள்ள பெரியகுளம் என்னும் ஏரி, நெடுங்காலமாகத் தூர்ந்து கிடந்தது. ஆற்று நீர் வரும்போது தேக்கி வைக்க வழியில்லை. வராதபோது பாய்ச்ச நீரில்லை. புயலில் தோப்பை இழந்த அதே மக்கள், அப்பகுதி இளைஞர்கள் முன்னின்று அமைத்த 'கைஃபா' என்னும் கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கத்தின் வழியாக, 2019-இல் அந்த ஏரியைத் தூர் வாரினார்கள். உள்ளூர் மக்களும், கடல் கடந்து வாழும் ஊர்க்காரர்களும் பொருளுதவி செய்தார்கள். அவ்வாண்டு பருவமழையின்போது ஏரியில் நீர் நின்றது. அதன் பின் அப்பணி சுற்றியுள்ள பிற நீர்நிலைகளுக்கும் பரவியது.

சகோதரர்களே, சிந்தித்துப் பாருங்கள்! கையில் இருந்ததை இழந்தவர்கள், "எங்களுக்கே இல்லை, நாங்கள் எதைக் கொடுப்பது?" என்று கேட்டிருக்கலாம் அல்லவா? அவர்கள் குளம் வெட்டப் போனார்கள். தன் தோப்பைத் தனியே பார்த்துக்கொண்டிருந்தால் பெருகும் துயரம், ஊர் ஏரியில் மண் அள்ளும்போது பகிரப்பட்டுக் குறைகிறது. பொதுவேலை என்பது பிறருக்குச் செய்யும் உதவி மட்டுமன்று, செய்பவனுக்கே மருந்து.

மூன்றாம் விடை: தென்னம்பிள்ளை

தென்னங்கன்றை நம் மக்கள் 'தென்னம்பிள்ளை' என்றே அழைக்கிறார்கள். 'பிள்ளை வைத்தாயிற்றா?' என்று கேட்டால் கன்று நட்டாயிற்றா என்று பொருள். கேட்கவே இனிமையான சொல். ஆனால் அதற்குள் ஒரு கடுமையான கணக்கு இருக்கிறது.

கன்று நடுவதற்கு மூன்றடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்ட வேண்டும். கன்றுக்குக் கன்று இருபத்தைந்து அடி இடைவெளி விட வேண்டும். அப்படி நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 70 கன்றுகள். குட்டை ரகம் மூன்று, நான்கு ஆண்டுகளில் பாளை விடும். நெட்டை ரகத்திற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். பாளை வெடித்த பின்னும் குரும்பை நெற்றாக முற்ற ஏறத்தாழ ஓராண்டு. சாயாமல் தப்பி நின்ற மரங்களும் உடனே காய்க்கவில்லை. தென்னையின் பாளை வெளியே தெரிவதற்கு இரண்டாண்டுகளுக்கும் முன்பே கொண்டைக்குள் கருவாகிவிடுகிறது. எனவே ஒரு நாள் காற்றின் பாதிப்பு, ஆண்டுக்கணக்கில் காய்ப்பில் தெரிந்தது. விழுந்த மரங்களை அப்படியே விட்டாலும் ஆபத்து. மட்கும் தண்டுக்குள் காண்டாமிருக வண்டு பெருகி, புதுக்கன்றின் குருத்தையே தின்றுவிடும்.

இவ்வளவையும் அறிந்துதான் அந்த மக்கள் மீண்டும் கன்று நட்டார்கள். கன்றுகளுக்கு இடையே உளுந்தும் கடலையும் வாழையும் போட்டு அந்த இடைக்காலத்தைக் கடந்தார்கள். 2019-இல் நட்டு முறையாகப் பேணிய நெட்டை ரகக் கன்று பலன் தர 2024, 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நட்டவர்களில் முதியோர் சிலர், அந்த மரத்தின் இளநீரைக் குடிக்கும் வரை தாம் இருப்போமா என்பதை அறியாமலே நட்டார்கள்.

ஏன் நட்டார்கள்? இங்கேதான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை நம் நெஞ்சைத் தொடுகிறது. ஒருவர் கையில் கன்று இருக்கும் நிலையில் இறுதி நாளே வந்துவிட்டாலும், நட முடியுமானால் அவர் அதை நட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் தந்த போதனை. இறுதி நாள் வந்த பின் அந்தக் கன்று எப்போது காய்க்கும்? யார் உண்பார்? பலனைப் பற்றிய கேள்வியே அங்கு இல்லை. நடும் செயலே நன்மை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பதும் அவர்களுடைய வாக்கே. அப்படியானால், கஜாவில் வீழ்ந்த மரத்தை நட்ட பாட்டனாரின் கணக்கு வீழ்ந்துவிட்டதா? இல்லை. அம்மரம் நாற்பது ஆண்டுகள் கொடுத்த காயும் நிழலும் அணில் தின்ற குரும்பையும் அவருடைய ஏட்டில் பத்திரமாக இருக்கின்றன. காற்று அதைத் தொட முடியாது.

ஆறுதலுக்கும் ஓர் எல்லை உண்டு

இதைப் படிக்கும் சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். "கிராமத்து வாழ்வே ஆறுதல் என்கிறீர்களே, அந்தக் கிராமத்து வாழ்வுதானே அவர்களை இத்துயரத்திற்கு ஆளாக்கியது?" நியாயமான கேள்வி. கொக்கையும் தூறலையும் காட்டி, இழப்பீட்டைக் கேட்காதே என்று சொல்வது ஆறுதல் ஆகாது.

கஜாவுக்குப் பின் அரசு, தென்னை ஒன்றுக்கு இழப்பீடு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. பல்லாண்டு வளர்த்த ஒரு மரத்தின் இடத்தை அத்தொகை நிரப்புமா என்று விவசாயிகள் கேட்டார்கள். கேட்டது தவறன்று. உரிமையைக் கேட்பது பொறுமைக்கு எதிரானதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன் மீது பொறுப்பைச் சாட்டும்படி கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. ஆகவே சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம், குத்தகைச் சீட்டு ஆகியவற்றை நீர்படாத உறையில் வைப்பதும், மழைக்கு முன் வடிகாலைத் தூர் வாருவதும், ஓலைக்கூரையை இழுத்துக் கட்டுவதும், பட்டுப்போன மரத்தை முன்கூட்டியே அகற்றுவதும் தவக்குலின் பகுதியே.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். புயலுக்குப் பின், தோப்பை இழந்த விவசாயிகள் சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள் என்ற வேதனையான செய்திகள் டெல்டாவிலிருந்து வந்தன. அவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நாம் யார்? நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவர்கள் தனித்திருந்தபோது அவர்களோடு யார் உட்கார்ந்திருந்தார்கள்? உறக்கம் கெட்டு, உணவு மறந்து, பேச்சு குறைந்து, "இனி எதற்கு?" என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால், அது ஈமானின் பலவீனம் என்று ஒதுக்காதீர்கள். அருகில் இருங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 'டெலி மானஸ்' என்னும் அரசின் மனநல உதவி எண் 14416-ஐக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உடலுக்கு மருந்து தேடுவது எப்படிக் கடமையோ, அப்படியே உள்ளத்திற்கும் மருந்து தேடுவது கடமை.

நம் குடும்பங்களில் செய்ய வேண்டியவை

நாம் எல்லோரும் பேராவூரணியில் இல்லை. சிலர் சென்னை அடுக்குமாடியிலும், சிலர் வளைகுடாவிலும், சிலர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறோம். ஆயினும் இவ்வாழ்வின் பாடம் எங்கும் கொண்டுபோகக்கூடியது.

துயரம் வந்த வீட்டில் நாளின் ஒழுங்கைக் குலையவிடாதீர்கள். தொழுகை நேரம், உணவு நேரம், குழந்தைகளின் படிப்பு நேரம் ஆகியவை அதே இடத்தில் நிற்கட்டும். வீட்டைச் சுமக்கும் உம்மாமார்களுக்கே இதன் அருமை அதிகம் தெரியும். எந்தச் சோதனையிலும் அடுப்பு எரிந்தது என்றால் அதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் பொறுமை இருக்கிறது. அந்தப் பொறுமைக்கும் துணை தேவை என்பதை ஆண்கள் உணர வேண்டும்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளை ஒரு நாளாவது வரப்பில் நடக்க விடுங்கள். நெல் எந்தச் செடியில் விளைகிறது என்று அறியாத தலைமுறைக்கு, உணவைப் பற்றிய நன்றியுணர்வை எந்த உரையாலும் ஊட்ட முடியாது. வெளிநாட்டில் இருக்கும் மகன் தொலைபேசியில் அழைக்கும்போது கடனையும் நோயையும் மட்டும் பேசாதீர்கள். இன்று மழை பெய்தது, நாற்று பச்சை பிடித்தது, ஆடு குட்டி ஈன்றது என்பதையும் சொல்லுங்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிறவருக்கு, ஊர் எதற்காக இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும் அல்லவா?

துயரில் இருப்பவரிடம் அறிவுரையோடு மட்டும் போகாதீர்கள்; ஒரு வேலையோடு போங்கள். அவருடைய வரப்பை வெட்டிவிடுங்கள். மாட்டுக்கு வைக்கோல் போடுங்கள். அவரோடு ஒரு கன்று நடுங்கள். தோளுக்குத் தோள் நின்று செய்யும் வேலையில், சொல்லில் அடங்காத ஆறுதல் தானாகவே வந்து சேர்கிறது.

அன்பிற்குரியவர்களே! ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி வரும், காற்றும் வரும். காற்று வீசும்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதன் நன்மையை வேண்டினார்கள். அதன் தீங்கிலிருந்து பாதுகாப்பும் தேடினார்கள். கஜாவைக் கண்ட மக்கள் மேகம் கறுக்கும்போதெல்லாம் இன்னமும் தோப்பை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த அச்சம் இயல்பானது. ஆனால் அதே மேகம்தான் கடைமடைக்கு நீர் தருகிறது. அச்சத்தையும் நம்பிக்கையையும் ஒரே வானத்தில் காணக் கற்றவர்களே கூதிர் காலத்து உழவர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் மழையை அருளாக்குவாயாக! எங்கள் நீர்நிலைகளை நிறைப்பாயாக! இழந்தவர்களுக்கு அதைவிடச் சிறந்ததை வழங்குவாயாக! துயருற்றோரைத் தனியே விட்டுவிடாத உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் கைகள் நடும் ஒவ்வொரு கன்றையும் எங்களுக்குப் பின் வருவோரின் பசிக்கு உணவாக்கி, எங்கள் மறுமைக்குச் சேமிப்பாக்குவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.